பைபர் போட் பட்டறையில் ஒரு காதல் நாவல்

பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் வாசிப்பதற்காக ஒரு காதல் நாவல் எழுதி, இரண்டாம் வரைவு வரை கொண்டுவந்திருக்கிறேன். கதை திருகோணமலையில், திருக்கடலூர்க் கரையில் இருக்கும் ஒரு பைபர் போட் பட்டறையில் நடக்கிறது. தாயை இழந்து வவுனியாவிலிருந்து வரும் வதனி, சுனாமியில் தாய் தகப்பன் இருவரையும் இழந்த சுதன், இரத்த உறவே இல்லாத வேறு சில பேர். இவர்கள் எல்லாரும் மெல்ல மெல்ல ஒரு குடும்பமாவதுதான் கதை. அதை எப்படிக் கட்டினேன் என்பதை எழுதி வைக்கிறேன். நம் ஊர்களை வைத்து இப்படி ஒன்று எழுத நினைக்கிறவர்களுக்கு உதவும்.

தொடங்கும்போதே ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தேன். சுதன் வதனியைக் குணப்படுத்தக் கூடாது. துக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் ஒரு பையன் வருகிறான், காதல் வருகிறது, துக்கம் போய்விடுகிறது என்று எழுதினால், வாசிக்கிற பிள்ளையின் கையில் ஒரு பொய்யைக் கொடுக்கிறோம். நாளைக்கு அந்தப் பையன் போய்விட்டால் அவள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்? ஆகவே முதலில் வேலை, பிறகு அந்த வேலையைச் சுற்றி ஆட்கள், கடைசியாகக் காதல் என்று வரிசை வைத்தேன். அவள் தன் காலில் நிற்கத் தொடங்கிய பிறகுதான் காதல் என்ற பேச்சே வரும். கடைசி வரைக்கும் நான் மாற்றாத விதி இது ஒன்றுதான்.

அடுத்தது காலம். கடலை நம்பி வாழும் ஊரில் வருடம் கண்டிப்பானது. நவம்பர் தொடங்கி ஜனவரி வரை வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும், போட்டுகள் கரையேறிக் கிடக்கும். மார்ச் தாண்டினால் கடல் அடங்கும். மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் நேரத்தில் சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் இங்கே வந்து, கரையில் வாடி என்ற தற்காலிகக் குடில் போட்டுத் தங்குவார்கள். அப்படியென்றால் வதனி மழையில் வந்து இறங்க வேண்டும், கடல் அடங்கி ஆட்கள் வரும் காலத்தில் கதை முடிய வேண்டும். டிசம்பரிலிருந்து மே வரை.

எந்த வருடம் என்று யோசித்தபோது 2022 டிசம்பர் முதல் 2023 மே வரை என்று பிடித்துக்கொண்டேன். காரணங்கள் பல. மாண்டஸ் புயல் வந்த அந்த டிசம்பரில் வடக்கிலும் கிழக்கிலும் குளிர் தாங்காமல் மாடுகள் நூற்றுக்கணக்கில் செத்தன. ஹொரவப்பொத்தானை வழியாக வரும் பஸ்ஸின் யன்னலில் வதனி பார்ப்பது அதைத்தான். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாயானது. வெளியிணைப்பு எஞ்சின்கள் ஓடுவது மண்ணெண்ணெயில். தொழிலுக்குப் போவதே நட்டம் என்ற நிலையில் போட் உடைந்தால் யார் காசு கொடுத்துத் திருத்துவார்கள்? பட்டறைக்கு வேலை இருக்கும், கூலி தவணையில் வரும். கதையில் ஒவ்வொருவரும் மற்றவரைத் தாங்க வேண்டிய தேவை இதிலிருந்து தானாக வந்தது. நான் ஒரு வில்லனைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு காரணம் பரீட்சை. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை தள்ளிப்போய் 2023 ஜனவரி 23 அன்றுதான் தொடங்கியது, பெப்ரவரி 17 வரை நடந்தது. வதனி எழுத வேண்டிய பரீட்சை அது. அவள் எழுதவில்லை. அனுமதி அட்டை பையில் இருக்க, அந்த நாட்கள் முழுக்கப் பட்டறையில் உப்புத்தாள் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். யாரும் ஏசவில்லை, புத்தி சொல்லவில்லை. அந்த வயதுப் பிள்ளைக்கு உயர்தரம் எவ்வளவு பெரிய பாரம் என்று நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, அதனால் அந்த மௌனத்தின் பெறுமதியும் புரியும். பரீட்சை தொடங்கிய அந்த ஜனவரிக் கடைசியில் தினமும் 2 மணி 20 நிமிடம் மின்வெட்டு. கிரைண்டர் ஓடும் நேரம், ஓடாத நேரம் என்று அத்தியாயங்களைப் பிரிக்க அது உதவியது. கிரைண்டர் ஓடும்போது பேச முடியாது. கரண்ட் போனால் பேசுவார்கள்.

இனி ஆட்கள். பட்டறைக்காரர் தங்கராசா மாமா, அறுபது தாண்டியவர், சுதனை இரண்டு வயதில் தூக்கி வந்து வளர்த்தவர். பரீதா மாமி, கிண்ணியாக்காரி, வதனியின் அம்மாவோடு ஒரு காலத்தில் தையல் வேலை செய்தவர். வதனியைத் திருகோணமலைக்குக் கூப்பிட்டதே அவர்தான். ஏப்ரல் கடைசியில் சிலாபத்திலிருந்து குடும்பத்தோடு வந்து பக்கத்தில் வாடி போடும் நிமல் அண்ணா. இவர்களை ஒரு குடும்பமாக்க நான் வசனங்களை நம்பவில்லை. "நாங்க எல்லாரும் ஒரு குடும்பம்" என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால் அந்த இடத்திலேயே கதை செத்துவிடும். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு நேரசூசி போட்டேன். காலையில் திறப்பு யாரிடம்? பிளேன்ரீ யார் வைப்பது? மாமாவின் பிரஷர் மாத்திரையை யார் ஞாபகப்படுத்துவது? பாண் வாங்கப் போவது யார்? கணக்குக் கொப்பி யார் கையில்?

பிறகு ஒவ்வொரு ஆளாக அந்தத் தாளிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஒருவரை எடுத்ததும் எந்த வேலையும் நின்றுபோகவில்லை என்றால் அவர் இன்னும் குடும்பத்துக்குள் வரவில்லை என்று அர்த்தம். தொடக்கத்தில் வதனியை எடுத்தால் எதுவும் நிற்காது. ஜனவரி நடுவில் அவளை எடுத்தால் கணக்குக் கொப்பி நிற்கும். மார்ச்சில் மாமாவின் மாத்திரை நிற்கும். ஏப்ரலில் அவள் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் பட்டறையே தடுமாறும். அவள் குணமாவதை நான் அளந்தது இப்படித்தான். அழுகை குறைந்தது, சிரிப்பு வந்தது என்ற கணக்கைவிட இது வாசகருக்கு நம்பத்தகுந்ததாக இருக்கிறது. எழுதுகிறவருக்கும் பிடித்து நடக்க ஒரு கயிறு கிடைக்கிறது.

பட்டறை வேலையைத் தெரியாமல் இதை எழுத முடியாது. போட் திருத்தும் ஒருவரிடம் கேட்டு, அவர் பக்கத்தில் நின்று, ஓரமாகக் கிடந்த ஒரு போட்டின் அடிப்பக்க வெடிப்பை நானே ஒட்டிப் பார்த்தேன். நாவலின் நடு அத்தியாயம் முழுக்க அந்த வேலைதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நல்ல தண்ணீரால் உப்புப் போகக் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். ஈரம் உள்ளே இருந்தால் ரெசின், அதாவது பைபரை ஒட்டும் பிசின், பிடிக்காது, மழைக்காலத்தில் இதுதான் பெரிய தலையிடி. வெடிப்பின் இரண்டு பக்கமும் கிரைண்டரால் சரிவாகச் சீவ வேண்டும். சரிவின் அகலம் போட் சுவரின் தடிப்பைப் போல் சுமார் 12 மடங்கு. 5 மில்லிமீற்றர் தடிப்பென்றால் ஒவ்வொரு பக்கமும் 60 மில்லிமீற்றர். ஒரு சின்ன வெடிப்புக்காக இவ்வளவு அகலமாகத் தேய்க்கிறார்களே என்று பார்க்கிறவருக்குத் தோன்றும். வதனிக்கும் தோன்றுகிறது. ஆனால் ஒட்டு பலமாக நிற்பது அந்தச் சரிவில்தான். பிறகு அசற்றோனால் துடைக்க வேண்டும். கண்ணாடி நாரால் ஆன விரிப்பான பைபர் மேட்டில் சதுர மீற்றருக்கு 450 கிராம் உள்ள வகை ஒரு படை போட்டால் காய்ந்த பின் சுமார் 1 மில்லிமீற்றர் வரும், ஆகவே அந்தத் தடிப்புக்கு ஐந்து படை. மேட்டின் எடையைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் பிடிக்கும். தூரிகையை இழுக்காமல் குத்திக் குத்தி நனைத்து, உருளையால் காற்றுக் குமிழ்களை வெளியேற்ற வேண்டும். எல்லாப் படையையும் ஒரே மூச்சில் போட்டால் சூடு ஏறிவிடும், இடைவெளி விட்டுப் போடுவது நல்லது.

பாதுகாப்பை நாவலிலும் விடவில்லை, இங்கேயும் விட மனமில்லை. ரெசின் ஆவிக்கும் தூசிக்கும் அதற்கான வடிகட்டி உள்ள முகமூடி, கண்ணாடி, கையுறை கட்டாயம். ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் திரவத்தைத் தனியாக வாங்கிக் கலக்கிறவர்கள் அதையும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றவே கூடாது, வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் கலக்கி முடித்து, அதற்குப் பிறகுதான் ஹார்ட்னர். தங்கராசா மாமா வதனிக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இது. அவர் அதை அவளிடமே திரும்பச் சொல்ல வைக்கிறார். தன் உயிரைப் பற்றி அக்கறையில்லாமல் வந்த பெண்ணிடம், கவனம் என்று ஒருவர் கோபமாகச் சொல்லும் இடம் அது. அதற்கு மேல் அங்கே ஒரு வரிகூட விளக்கம் எழுதவில்லை.

ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி ஹார்ட்னர். அதைவிடக் குறைத்தால் சரியாக இறுகாது. 30 பாகை வெக்கையில் 15 மில்லி அளவு விட்டால் கால் மணித்தியாலத்துக்குள்ளேயே வாளியில் கட்டிபடத் தொடங்கிவிடும். இதைக் கையால் செய்து பார்த்தபோதுதான் எனக்கு அந்த அத்தியாயத்தின் அமைப்பே கிடைத்தது. கலக்கிய பிறகு நிறுத்த முடியாது, ஒருவரை ஒருவர் பார்க்கவும் நேரமில்லை, கண் வேலையில் இருக்க வேண்டும். வாய் மட்டும் சும்மா இருக்கிறது. மனதில் உள்ளதைச் சொல்லக் கூச்சப்படும் இரண்டு பேருக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. அந்த உரையாடலைச் சத்தமாக வாசித்து நேரம் பார்த்தேன், ரெசின் இறுகுவதற்குள் முடிகிறதா என்று. முடியாத வரிகளை வெட்டினேன். மிஞ்சியது இது:

"எவ்வளவு விட்டீங்க?"

"பன்னிரண்டு மில்லி. ரெசின் எண்ணூறு கிராம்."

"சரி. கலக்குங்க, அடிவரைக்கும்."

"உங்களுக்கு உங்கட அம்மாட முகம் ஞாபகம் இருக்கா?"

"இல்ல. படமும் இல்ல. எல்லாம் தண்ணியோட போயிட்டுது. அந்த மூலையில குத்துங்க, காத்து நிக்குது."

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. கடைசி மாசம் முழுக்க."

"இறுகப் பாக்குது. விடுங்க, மற்றப் பக்கம் நான் முடிக்கிறன்."

நாவலின் இதயம் இந்த ஏழு வரிதான் என்று நினைக்கிறேன். அவளுக்கு ஞாபகம் அளவுக்கு மீறி இருக்கிறது, அவனுக்கு ஒன்றுமே இல்லை. இரண்டும் துக்கம்தான், ஆனால் வேறு வேறு துக்கம். ஒருவர் மற்றவரின் துக்கத்தைச் சரிசெய்ய முடியாது என்பது இரண்டு பேருக்கும் அந்தக் கால் மணித்தியாலத்தில் விளங்குகிறது. முதல் வரைவில் போட்டின் வெடிப்பையும் அவள் மனதையும் இணைத்துச் சில வாக்கியங்கள் இருந்தன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பட்டறை வேலை பட்டறை வேலையாகவே இருந்தால் வாசகர் தானே இணைத்துக்கொள்வார்.

வேலையும் ஆட்களும் மட்டுமே போதும் என்றும் காட்டிவிடக் கூடாது. மாதக்கணக்கில் தூங்காத, சாப்பிடாத பெண் அவள். பெப்ரவரியில் பரீதா மாமி அவளை அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகிறார். வரிசையில் இருந்து, துண்டு எடுத்து, மருத்துவரைப் பார்த்து, அடுத்த திகதி வாங்கிக்கொண்டு வரும் சாதாரண அத்தியாயமாக அதை எழுதினேன். பெரிய திருப்பம் எதுவும் அங்கே வைக்கவில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும் சுவரில் ஒட்டிய தாளாகக் கதைக்குள் வருகிறது. வாசிக்கிற ஒரு பிள்ளைக்காவது அது தேவைப்படலாம்.

காதல் எங்கே நடப்பது என்பது திருகோணமலையில் உண்மையான பிரச்சினை. டச்பே கடற்கரையில் பின்னேரம் பாதி ஊர் இருக்கும். கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையில் மான்கள் நிற்கும், தெரிந்த மாமிமாரும் நிற்பார்கள். ஒளிந்து சந்திக்கும் காட்சிகளை நான் விரும்பவில்லை. பயத்தில் நடப்பதை இனிமையாகக் காட்டி, அந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆகவே எல்லாம் ஆட்களுக்கு நடுவில்தான் நடக்கிறது. ஏப்ரல் 22, நோன்புப் பெருநாள். பரீதா மாமி வீட்டில் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் பஸ்ஸில் திரும்புகிறார்கள். கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம், 2009இல் திறந்தது. அதற்கு முன்பு படகுப் பாதையில்தான் கடப்பது. அந்தப் பாதையில் வதனியின் அம்மாவோடு போய்வந்த கதையைப் பரீதா மாமி மத்தியானம் சொல்லி முடித்திருக்கிறார். இப்போது பஸ் பாலத்தில் ஏறுகிறது. கடந்து முடிய ஒரு நிமிடம்கூட ஆகாது. பாலம் முடிவதற்குள் சுதன் சொல்ல வேண்டியதைச் சொல்கிறான். முன் இருக்கையில் தங்கராசா மாமா இருக்கிறார், அவருக்குக் கேட்டதா இல்லையா என்று நான் எழுதவில்லை. வதனி உடனே பதில் சொல்வதுமில்லை. யோசிக்க நேரம் கேட்கிறாள், அவன் சரி என்கிறான். இந்த வயது வாசகருக்கான காதல் கதையில் அந்தச் "சரி" முத்தத்தைவிடப் பெரிது.

கடைசி அத்தியாயத்தின் திகதியை நான் உருவாக்கவில்லை, கலண்டரே கொடுத்தது. 2023 மே 5 வெள்ளிக்கிழமை. சித்திரா பௌர்ணமியும் வெசாக்கும் ஒரே நாளில். தாயை இழந்தவர்கள் சித்திரா பௌர்ணமியிலும், தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசையிலும் விரதம் இருப்பது நம் வழக்கம். வதனியின் அம்மா இறந்து ஒரு வருடம் கழிந்துவிட்டது, ஆட்டைத் திதியும் முடிந்தது, இது அவள் பிடிக்கும் முதல் விரதம். எதை எப்படிச் செய்வது என்று அவளுக்குத் தெரியாது. சுதனுக்குத் தெரியும். மாமா சொல்லிக்கொடுத்து, முகமே தெரியாத தாய்க்காகச் சின்ன வயதிலிருந்து வருடாவருடம் செய்கிறவன் அவன். இலை போட்டுப் படைப்பது, காகத்துக்கு வைப்பது, கோயிலில் சித்திரைக் கஞ்சி வாங்கி வருவது எல்லாவற்றையும் அவன்தான் காட்டிக்கொடுக்கிறான். ஞாபகமே இல்லாதவன், எல்லாம் ஞாபகம் உள்ளவளுக்கு. இந்த ஏற்பாடு தோன்றிய இரவு நான் தூங்கவில்லை.

மத்தியானம் யும்ஆ முடிந்த பிறகு பரீதா மாமி வீட்டார் வருகிறார்கள். நோன்பு மாதம் முழுக்கப் பட்டறைக்கு நோன்புக் கஞ்சி வந்த அதே பாத்திரத்தில் இன்று சித்திரைக் கஞ்சி திரும்பிப் போகிறது. நிமல் அண்ணாவின் பிள்ளைகள் வாடிக்கு முன்னால் வெசாக் கூடு கட்டுகிறார்கள், அவர்களுக்கு மூங்கில் சீவிக் கொடுப்பது மாமா. அன்றிரவு புறநிழல் சந்திர கிரகணமும் இருந்தது. அதை எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவும் ஒரே நாளில் வந்தால், உண்மையாக நடந்ததுதான் என்றாலும், கதையில் நம்பமாட்டார்கள்.

வதனியின் அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் கட்டாரில் வேலை செய்கிறார். புதிய குடும்பத்தை நல்லதாகக் காட்ட, பெற்ற தகப்பனைக் கெட்டவராக்குவது சுலபம். அதை நான் விரும்பவில்லை. வாரம் ஒருமுறை போன் எடுக்கிறார், என்ன பேசுவது என்று தெரியாமல் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறார். அவருக்கும் அது துக்கம். ஒவ்வொரு அழைப்பிலும் அவள் பதில் ஒரு வாக்கியம் கூடிக்கொண்டு போகும்படி எழுதினேன், அவ்வளவுதான்.

முதல் வரைவை உயர்தரம் படிக்கும் சில பிள்ளைகளிடம் வாசிக்கக் கொடுத்தேன். சுதன் பேசுவது கூட என்றார்கள். உண்மையிலேயே, அவன் பேச்சைக் குறைத்ததும் ஆள் தெளிவாகத் தெரிந்தான். இன்னொரு பிள்ளை கேட்ட கேள்வி எனக்கு மிகவும் உதவியது: எல்லாரும் சாப்பிடுகிறார்கள், கோப்பை கழுவுவது யார்? நேரசூசியைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் அந்த வேலை யார் பெயரிலும் இல்லை. இப்போது அது சுதனுடையது. பட்டறைக்குப் பின்னால் குழாயடியில் அவன் கோப்பை கழுவும்போது வதனி பக்கத்தில் நின்று கதைக்கும் இரண்டு இடங்கள் புதிதாக வந்தன, ரெசின் அத்தியாயத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு அதிகம் பிடித்தவை அவைதான்.

இப்போது பிரதி சுமார் 60,000 சொற்களில் நிற்கிறது. கிண்ணியா அத்தியாயங்களை அந்த ஊர்த் தோழி ஒருத்தி வரிவரியாகப் பார்த்து, பரீதா மாமி பேசும் முறையைத் திருத்தித் தந்துவிட்டாள். நிமல் அண்ணா வரும் பகுதிகள் இன்னும் சிலாபத்து நண்பர் ஒருவரிடம் இருக்கின்றன. வாடி போடும் விதம், அவர்கள் கொண்டுவரும் வலை, வீட்டில் தமிழும் சிங்களமும் கலந்து பேசும் விதம் இவற்றை அவர் பார்த்து அனுப்பியதும் அச்சுக்கூடத்தில் விலை கேட்கப் போகிறேன். அட்டையில் போட் படம் வேண்டாம் என்று மட்டும் முடிவெடுத்திருக்கிறேன். அந்தக் கலண்டர் தாளின் பின்பக்கத்தை, எழுதிய கையெழுத்தோடு அப்படியே போடலாம் என்று யோசனை.